திருகில் ஒரு கிளிக்

ஓசூரின் டி.வி.எஸ். நிறுவனம் 2021-இல் அப்பாச்சி ஆர்.ஆர். 310 வண்டியை வாங்குபவர் விருப்பப்படி கட்டித்தரத் தொடங்கியபோது, கூடுதல் விலைக்குக் கொடுத்தவற்றில் கண்ணைப் பறிக்காத பொருள் ஒன்று இருந்தது: முன்னும் பின்னும் திருத்திக்கொள்ளத்தக்க சஸ்பென்ஷன். பார்வைக்குச் சில திருகுகள், அவ்வளவுதான். வண்டிப் பிரியர்கள் சைலன்சர் ஒலியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். எனக்கு இந்தத் திருகுகளின் மேல்தான் மோகம். ஸ்க்ரூடிரைவரை அரைச்சுற்று திருப்பினால் போதும். அதே எஞ்சின், அதே டயர், அதே சாலை. வண்டி மட்டும் வேறாகிவிடும்.

முதலில் ஸ்பிரிங். ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் நட்டின் இறுக்கத்தை, ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்பது மெக்கானிக் கடைகளில் அசைக்க முடியாத நம்பிக்கை. ஆகாது. ஒரு மில்லிமீட்டர் அமுங்க எவ்வளவு எடை வேண்டும் என்பதைக் கம்பியின் தடிமனும் சுற்றுகளும் முடிவு செய்துவிட்டன. நட்டை இறுக்கி அதை மாற்ற முடியாது. மாறுவது வண்டி நிற்கும் உயரம். ஆள் ஏறி அமர்ந்ததும் எவ்வளவு தணிகிறது என்பதே கணக்கு. இதைச் ‘சேக்’ என்பார்கள். ஸ்போர்ட்ஸ் வண்டியில் சக்கரம் மேலும் கீழும் போய்வரும் தூரம் ஏறக்குறைய 120 மி.மீ. அதில் 30 முதல் 40 வரை ஆள் அமர்ந்ததுமே தணிந்திருக்க வேண்டும். ரேஸ் டிராக்குக்கு முப்பதை ஒட்டி, ஊர்ச் சாலைக்கு நாற்பதை ஒட்டி. மேட்டில் ஏறச் சக்கரத்துக்கு மேலே இடம் வேண்டும் என்பது எல்லோருக்கும் புரியும். பள்ளத்தில் இறங்கக் கீழேயும் இடம் வேண்டுமே! தணிவே இல்லாமல் இறுக்கிய வண்டியில் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்காது, அந்தரத்தில் தாண்டும். அந்த நேரத்தில் எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய டயராக இருந்தாலும் பிடிப்பு பூஜ்யம்.

அளக்க ஒரு டேப்பும் உதவிக்கு இரண்டு ஆட்களும் போதும். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க் முழுதும் நீண்ட நிலையில் ஓர் அளவு. பிறகு ஓட்டுபவர் ஜாக்கெட், ஹெல்மெட்டோடு அமர, வண்டியை அமுக்கி மெல்ல எழவிட்டு ஓர் அளவு. தூக்கி மெல்ல இறங்கவிட்டு இன்னோர் அளவு. இந்தப் பின்னிரண்டும் ஒன்றாக இருக்காது. சராசரியை எடுத்துக்கொண்டு போய்விடுவது வழக்கம். என் கண் அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தின் மேல்தான். ஆயில் சீலும் புஷ்ஷும் குழாயைப் பிடித்து நிறுத்துகிற உராய்வு அங்கே மில்லிமீட்டராகத் தெரிகிறது. தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக் கழுவி கிரீஸ் போன பின்பக்க லிங்கேஜும் அதே டேப்பில் அகப்பட்டுக்கொள்ளும்.

ஸ்பிரிங் மட்டும் இருந்தால் ஒரு மேட்டுக்கு வண்டி பலமுறை குதிக்கும். அடக்குவது எண்ணெய். பிஸ்டனின் சிறு துளைகள் வழியே அது பிதுங்கிப் போகும்போது அசைவெல்லாம் வெப்பமாகிவிடுகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. ஸ்பிரிங், தான் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை மட்டும் பார்க்கும்; எண்ணெய்க்கு அசைவின் வேகம் மட்டுமே தெரியும். அதுவும் வண்டியின் வேகம் இல்லை, ஃபோர்க் அமுங்கும் வேகம். மணிக்கு 120 கி.மீ.யில் போய் பிரேக் பிடிக்கையில் முன்பக்கம் தணிவது எண்ணெய்க்கு நிதானமான அசைவு. 20 கி.மீ.யில் ஊர்ந்து செங்கல்மேல் ஏறுவதோ படுவேகமான அசைவு. நிதானமானதை ஓர் ஊசி வால்வு கவனிக்கிறது. வேகமானது வந்தால் பிஸ்டன்மேல் அடுக்கியுள்ள மெல்லிய எஃகுத் தகடுகள் வளைந்து வழிவிடுகின்றன. வெளியிலிருந்து நாம் திருப்பும் திருகு பெரும்பாலும் அந்த ஊசியைத்தான் நகர்த்துகிறது. மிருதங்க வித்துவான் விளிம்பைச் சுற்றிக் கல்லால் தட்டிச் சுருதி சேர்க்கிறார்; ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் உள்ள வேறுபாடு அவர் காதுக்கு மட்டுமே கேட்கிறது. திருகு சுழலும்போது விழும் ஒவ்வொரு கிளிக்கும் அப்படித்தான். முதலில் நான்கு கூட்டி, நான்கு குறைத்து அகலமாகப் போய்வர வேண்டும். பிறகு ஒரே ஒரு கிளிக்கும் உட்காருமிடத்தில் தெரியத் தொடங்கும்.

எல்லாவற்றிலும் நுணுக்கமானது ரீபவுண்ட், அதாவது அமுங்கிய ஸ்பிரிங் நிமிரும் வேகத்தை அடக்கும் திருகு. இதை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டு ஒட்டுப்போட்ட சாலையில் போய்ப் பாருங்கள். முதல் மேட்டில் அமுங்கிய ஸ்பிரிங் நிமிர்ந்து முடிப்பதற்குள் இரண்டாவது மேடு வந்துவிடும். அங்கே இன்னும் கொஞ்சம் அமுங்கும். மூன்றாவதில் இன்னும். கொஞ்ச தூரத்தில் சஸ்பென்ஷன் அடித்தளத்துக்கே போய்விடும், முதுகில் இடி விழும். ஓட்டுபவர் என்ன நினைப்பார்? ஷாக் ரொம்பக் கடினம் என்று நினைத்து, அமுங்கும் வேகத்தை அடக்கும் கம்ப்ரஷன் திருகைத் தளர்த்துவார். தளர்த்தத் தளர்த்த இன்னும் எளிதாகக் கீழே போகும், இடி கூடும். மருந்து எதிர்ப்பக்கத் திருகில் இருக்கிறது: ரீபவுண்டை இரண்டு கிளிக் விட்டால் வண்டி மூச்சு விடும். நோய் ஓரிடம், வலி ஓரிடமாக இருக்கும் இந்த விளையாட்டில் எனக்கு அலுப்பே வருவதில்லை.

இதே திருகு வளைவில் வேறு வேலை செய்கிறது. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நேர்ப்பாதை முடியும் இடத்தில் நின்று முன்ஃபோர்க்குகளை மட்டும் கவனியுங்கள். பிரேக் பிடித்ததும் முன்பக்கம் தணிகிறது. அதனால் ஃபோர்க்கின் சாய்வு குறைந்து செங்குத்தாகிறது; வண்டி இலகுவாகத் திரும்பத் தயாராகிறது. நல்ல ஓட்டுநர் அந்தத் தணிவைக் கெடுக்காமல் பிரேக்கை இழை இழையாக விட்டுக்கொண்டே சாய்வார். ரீபவுண்ட் தளர்ந்திருந்தால், பிரேக்கை விட்டதும் முன்பக்கம் துள்ளி எழும். வண்டி வளைவின் வெளிவிளிம்பை நோக்கி ஓடும். திருகைத் தொடாமல், ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் டிரைபிள் கிளாம்பில் குழாயை 5 மி.மீ. ஏற்றிப் பிடித்தாலே இந்தத் திரும்பும் குணம் தெளிவாக மாறிவிடும்.

சுவீடனில் கென்த் ஓலின் 1976-இல் தொடங்கிய ஓலின்ஸ் நிறுவனத்தின் தங்க நிறக் குழாய்களுக்கு உலகமே மயங்குகிறது. மயக்கம் நியாயம்தான். ஆனால் 60 கிலோ ஆளுக்கு அமைத்த ஓலின்ஸ் 90 கிலோ ஆளுக்குப் பயன்படாது. அவருக்கேற்பத் திருத்திய சாதாரண ஷாக் அதை வென்றுவிடும்.

கடினமானது ஸ்போர்ட்ஸ், மெத்தென்றது சொகுசு என்ற பிரிவினையையும் நான் ஏற்கவில்லை. சக்கரம் சாலையை விடாமல் தொட்டுக்கொண்டிருந்தால் முதுகும் தப்பும், வளைவில் பிடிப்பும் கிடைக்கும். ஒரே கிளிக்கில் இரண்டும் வந்து சேர்வதைப் பலமுறை பார்க்கலாம்.

தொடுமுன் ஒரு வேலை செய்யுங்கள். திருகை வலப்பக்கமாக, கிளிக்குகளை எண்ணியபடி, முட்டும் வரை மெல்லத் திருப்புங்கள். முட்டியதும் நிறுத்திவிடுங்கள், மேலும் இறுக்கினால் ஊசியும் அது அமரும் இடமும் கெட்டுப்போகும். எண்ணிக்கையைத் தாளில் எழுதிக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்புங்கள். பளபளக்கும் ஃபோர்க் குழாயில் ஒரு கேபிள் டையைச் சுற்றிவிடுங்கள், எதுவரை அமுங்கியது என்று அது சொல்லும். டயர் காற்றைச் சரிபாருங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரு திருகு, அதுவும் தெரிந்த சாலையில்.