இடம் மாறும்போது பெயரும் மாற வேண்டுமா?

கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் அடிக்கடி காணும் வழக்கம் ஒன்று உண்டு. இணையதளத்தை ஒரு வழங்கியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும்போது, பெயர், சின்னம், வடிவமைப்பு எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுகிறார்கள். எப்படியும் கைவைக்கிறோம், ஒரேயடியாக முடித்துவிடுவோம் என்பது அவர்கள் சொல்லும் நியாயம். அந்த நியாயம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று பார்ப்பது அவசியம்.

செல்லும் இடத்தை முதலில் சொல்லிவிடுவோம். இந்தத் திட்டங்கள் தன்னார்வலர்களின் ஓய்வு நேரத்தில் நடப்பவை. இடமாற்றத்துக்காகப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறக்கும்போதுதான் காலாவதியான கையேடும் உடைந்த இணைப்பும் கண்ணில் படும். அப்போதே சீர்செய்தால் உழைப்பு மிச்சம். சில நேரங்களில் வேறு வழியும் இருப்பதில்லை. ஓப்பன் ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளை நடத்திவந்த சன் நிறுவனத்தை ஆரக்கிள் நிறுவனம் வாங்கிய 2010ஆம் ஆண்டில், அதன் பங்களிப்பாளர்கள் பலர் விலகி டாக்குமெண்ட் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார்கள். பழைய பெயர் ஆரக்கிளின் கையில் இருந்ததால் லிப்ரே ஆபீஸ் என்ற புதுப்பெயரோடு புதுத்தளம் பிறந்தது. 2021 மே மாதம் ஃப்ரீநோட் அரட்டை வலையமைப்பை நடத்திவந்த தன்னார்வலர்கள் வெளியேறி லிபெரா சாட்டைத் தொடங்கியதும் இப்படித்தான். பெயரின் உரிமை கையை விட்டுப் போனபின் இரண்டையும் சேர்த்து மாற்றுவதே சரி.

ஆனால் அதற்கான விலையையும் லிப்ரே ஆபீஸே காட்டுகிறது. ஓப்பன் ஆபீஸ் பெயரும் முகவரியும் 2011இல் அப்பாச்சி அமைப்புக்குப் போயின. வளர்ச்சி பெரும்பாலும் லிப்ரே ஆபீஸில் நடந்தாலும், பழைய பெயரை மட்டும் அறிந்தவர்கள் பழைய முகவரிக்கே போய் இறக்கிக்கொள்கிறார்கள். கட்டாயத்தின் பேரில் கொடுத்த இந்த விலையை, கட்டாயமே இல்லாத திட்டங்கள் தாமாக முன்வந்து ஏன் கொடுக்க வேண்டும்?

இரண்டாவது குறை, பழுது கண்டுபிடிப்பதில் இருக்கிறது. வழங்கி மாறினால், தளத்தின் முகவரியைப் புது வழங்கியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவு எல்லோரையும் சேரச் சில மணி நேரம்கூட ஆகலாம். சான்றிதழும் கோப்புகளின் இருப்பிடமும் மாறும். அதே நாளில் பெயரும் மாறியிருந்தால், ஒரு பக்கம் திறக்காததற்குக் காரணம் இதுவா அதுவா என்று பிரித்தறிய முடியாது. கிட்ஹப்பில் களஞ்சியத்தின் பெயரை மாற்றினால் பழைய இணைப்பு தானாகப் புதியதற்குத் திருப்பிவிடப்படும். ஆனால் கிட்ஹப் பேஜஸில் அந்தக் களஞ்சியத்தின் பெயரில் இயங்கும் தளத்துக்கு அந்த வசதி இல்லை. இதை அறியாதவர்களின் கையேட்டு இணைப்புகள் ஒரே இரவில் செத்துப்போகும்.

மூன்றாவது, நம்பிக்கை. படத்தொகுப்பு மென்பொருளான கிம்ப், தன் கோப்புகளை வழங்கிவந்த சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தை விட்டு 2013இல் விலகியது. விண்டோஸ் பதிப்புக்காக அங்கே இருந்த கணக்கை 2015இல் சோர்ஸ்ஃபோர்ஜ் தன் பொறுப்பில் எடுத்து, விளம்பர நிரல்கள் சேர்ந்த நிறுவியை வழங்கியது. காலி செய்த இடத்தில் யாரும் குடியேறலாம். பழைய முகவரியைக் கைவிடாமல் வைத்திருப்பது பயனரைக் காக்கும் பாதுகாப்பு ஏற்பாடு.

இடம் மாறும்போது வழிதான் முக்கியம் என்பதற்குச் சென்னையை அடுத்துள்ள கிளாம்பாக்கத்தையே பாருங்கள். கோயம்பேட்டிலிருந்து தென்மாவட்டப் பேருந்துகளை இடம்மாற்றுவதற்காக அங்கே கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. ரயில் நிலையம் அப்போது தயாராகவில்லை. பயணிகளை அலைக்கழித்தது பெயரல்ல, அங்கே போய்ச்சேரும் வழி. இணையதளத்துக்கு அந்த வழி, பழைய முகவரியிலிருந்து புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 ஏற்பாடு. அதைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கும்படி கூகுளே சொல்கிறது. என்னைக் கேட்டால் அதற்குக் காலக்கெடுவே வேண்டாம்.

பெயரை மாற்றாமல் இடம் மாறியதற்குத் தமிழில் நல்ல முன்மாதிரி, 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தின் லொசானில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்கும் இந்த மின்னூல் முயற்சி, தமிழ்.நெட் தளத்தில் இருந்து பிறகு தனி முகவரிக்கு வந்தது. எழுத்துக் குறியாக்கமும் டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாறியது. பெயர் மட்டும் மாறவில்லை. தலைப்புப் பக்கத்தை நீக்காமல் கோப்பை யாரும் பகிரலாம் என்பது அதன் விதி. எனவே கோப்பு எந்தக் கணினிக்குப் போனாலும் திட்டத்தின் பெயரும் கூடவே போகிறது. அந்தப் பக்கத்தில் இருக்கும் முகவரி பழசாகிப்போனாலும், பெயரைத் தேடினால் தளம் அகப்படும். பெயரையும் மாற்றியிருந்தால் அந்தக் கடைசி இழையும் அறுந்திருக்கும்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் பழைய பெயரிலேயே இடம் மாறுங்கள். வழங்கியின் பதிவேட்டில் எந்தப் பக்கம் கிடைக்காமல் போகிறது என்று சில வாரங்கள் பார்த்துச் சரிசெய்யுங்கள். அதன்பிறகும் புதுப்பெயர் தேவை என்று பங்களிப்பாளர்கள் கருதினால் மாற்றிக்கொள்ளுங்கள். உழைப்பு சற்றுக் கூடும். ஆனால் தவறு எங்கே என்று தெரியும், பின்வாங்கவும் முடியும். பழைய டொமைனுக்கு ஆண்டுதோறும் ஆகும் ஆயிரம் ரூபாய்ச் சொச்சத்தைத் திட்டத்தின் நிரந்தரச் செலவாக எழுதிவையுங்கள். தமிழ்க் கருவிகளுக்கும் நூல்களுக்கும் இணையத்தில் மாற்று இடங்கள் குறைவு. நம் திட்டம் ஒன்றின் இணைப்பு அறுந்தால் பயனர் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவார். அவரைத் திருப்பி அனுப்பாத மாற்றமே நல்ல மாற்றம்.