குடிவழி நூலும் அதன் கருத்துநிலையும்: சிலோக்கம் குடும்பத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

குடிவழி நூல்களை இலக்கியத் திறனாய்வாளர் பொருட்படுத்துவது அரிது. அவை வெறும் பெயர்ப் பட்டியல்கள். குடும்பத்தாரின் பெருமைக்காகக் குடும்பத்தாரே அச்சிட்டுக்கொள்வன. வரலாற்றாசிரியருக்குத் தரவாகலாமேயன்றித் திறனாய்வாளனுக்கு அவற்றில் வேலையில்லை என்பது பொதுவாக நிலவும் எண்ணம். இவ்வெண்ணம் மறுபரிசீலனைக்குரியது என்பதே எமது கருத்தாகும். யாரிலிருந்து தொடங்குவது, எவரோடு ஒரு கிளையை முடித்துக்கொள்வது, எப்பெயரைச் சேர்ப்பது என்பன யாவும் தெரிவுகளே. தெரிவு உள்ள இடத்திற் கருத்துநிலையும் உண்டு.

1882ஆம் ஆண்டு சார்ள்ஸ் இலைஹு சிலோக்கம் என்பவர் தமது குடும்பத்தின் வரலாற்றை வெளியிட்டார். அமெரிக்காவிலுள்ள சிலோக்கம் குடும்பத்தாரின் பெயரை மூவேறு எழுத்துமுறைகளிலே தரும் அந்நூலின் நீண்ட தலைப்பு, 1637 முதல் 1881 வரையான பதினொரு தலைமுறைகளை அது தழுவுவதாகக் கூறுகிறது. தொடக்க ஆண்டு எமது கவனத்துக்குரியது. எந்தக் குடும்பமும் 1637இல் தொடங்குவதில்லை. இங்கிலாந்தில் அவர்களுக்குப் பாட்டனும் முப்பாட்டனும் இருந்திருப்பர். 1637இல் தொடங்குவது குடியேற்ற மண்ணில் அவர்களது வாழ்வு. அதாவது அவர்களது நிலவுடைமை. முதலாந் தலைமுறை என்னும் எண் குருதியைக் குறிப்பதுபோலத் தோன்றினும் உண்மையில் உறுதிப்பத்திரத்தையே குறிக்கிறது.

இக்குடும்பத்தின் ஒரு பெருங்கிளை குவேக்கர் சமயத்தைத் தழுவியது. றோட் ஐலண்டின் போர்ட்ஸ்மத்தில் வாழ்ந்த ஜைல்ஸ் சிலோக்கம் அச்சமயத்தின் தொடக்ககால உறுப்பினருள் ஒருவர். குவேக்கர் குடும்பங்களின் மரபைத் தேடுவோர்க்கு ஒரு வசதியுண்டு. அக்காலத்தில் அவர்களிடையே குருமார் இருக்கவில்லை, ஞானஸ்நானம் இருக்கவில்லை. திருமணம் கூட்டத்தின் முன்னிலையில் நிகழ, வந்திருந்தோர் யாவரும் சாட்சிகளாகக் கையொப்பமிடுவர். ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் பெயர்வோர்க்குச் சான்றிதழ் வழங்கப்படும். அன்று புறத்தே மணம் முடித்தோர் விலக்கப்பட்டனர், அவ்விலக்கும் பதிவாயிற்று. 1659 முதல் 1661 வரையான காலத்திற் குவேக்கர் நால்வரைப் பொஸ்ரனில் தூக்கிலிட்ட ஒரு சமுதாயச் சூழலில், தம் கூட்டத்தின் முன்னிலையில் நிகழ்ந்த திருமணங்களுக்குப் பிறந்த பிள்ளைகளின் உரிமையை நிலைநாட்ட இத்தகைய பதிவுகள் தேவைப்பட்டன. வில்லியம் வேட் ஹின்ஷோ 1936 முதல் வெளியிட்ட பெருந்தொகுதிகள் இப்பதிவேடுகளின் அடிப்படையில் எழுந்தவையே. ஆனால் பதிவேடு நினைவில் வைத்திருப்பது உறுப்பினரை மாத்திரமே என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஜைல்ஸின் மக்கள் சிலர் மசச்சூசெற்ஸின் தென்கரையிலுள்ள டார்ட்மத் பகுதியிற் குடியமர்ந்தனர். அந்நிலப்பரப்பை 1652இல் வம்பனோக் மக்களின் தலைவர் மசசோயிற்றும் அவர் மகன் வம்சுற்றாவும் பிளிமத் குடியேறிகளுக்கு விற்றதாக ஆவணம் கூறுகிறது. கொடுத்த விலையில் 30 யார் துணியும், 15 கோடரிகளும், 15 மண்வெட்டிகளும் அடங்கும். 1699இல் அங்குக் குவேக்கரின் கூட்ட மனை எழ நிலம் அளித்தவர் ஜைல்ஸின் மகன் பெலெக் சிலோக்கம்.

இதே டார்ட்மத் மாதாந்தக் கூட்டமே 1716இல் ஒரு வினாவை எழுப்பிற்று: அடிமைகளை வாங்கி ஆயுள் முழுவதும் வைத்திருத்தல் சத்தியத்துக்கு ஒத்ததா? குவேக்கரை வெறும் பாசாங்குக்காரராகச் சித்திரிக்கும் நண்பர்கள் சிலர் எம்மிடையே உளர். அது எளிதான தீர்ப்பு. எளிதாயிருப்பதே அதன் குறை. 1688இல் ஜேர்மன்டவுன் குவேக்கர் அடிமை முறைக்கு எதிராக எழுதிய மனுவையும், அடிமையொருத்தியின் விற்பனைச் சீட்டை எழுத நேர்ந்தமைக்காக ஜோன் வூல்மன் அடைந்த மன உளைச்சலையும் பாசாங்கு என்று தள்ளிவிட முடியாது. கேள்வி உண்மையானது. ஆனால் கேட்டவர்களின் கூட்டத்திலேயே அடிமைகளை உடையோரும் அமர்ந்திருந்தனர். முரண்பாடு தனிமனிதரின் நெஞ்சில் மாத்திரம் இருக்கவில்லை; கப்பலும் வாணிபமும் நிலமும் ஒரு புறமும், எல்லோருள்ளும் ஒளி உண்டென்னும் கோட்பாடு மறு புறமுமாக, அச்சமூகத்தின் அமைப்பிலேயே இருந்தது.

அவ்வினா எழுந்து இருபத்தாறு ஆண்டுகள் கழிந்தன. 1742இல் டார்ட்மத்தைச் சேர்ந்த எபனேசர் சிலோக்கம், கோஃபி என்னும் ஆபிரிக்கரைத் தம் உறவினர் ஜோன் சிலோக்கத்துக்கு 150 பவுணுக்கு விற்றார். சில ஆண்டுகளில் விடுதலை பெற்ற கோஃபி, ரூத் மோசஸ் என்னும் வம்பனோக் பெண்ணை மணந்தார். பத்துப் பிள்ளைகள் பிறந்தனர். ஆவணங்களில் அவர் பெயர் கஃபி சிலோக்கம்.

அக்குடும்பப் பெயர் குருதிவழி வந்ததன்று, உடைமையாளரின் முத்திரை. தந்தையிலிருந்து மகனுக்கு எண்ணிட்டு இறங்கும் குடிவழி நூலின் வடிவம் இத்தகைய சிலோக்கத்தை ஏற்கும் ஆற்றலற்றது. மணமாகிப் பெயர் மாறும் மகளின் மக்களையே கிளையாக எண்ணாத வடிவம் வேறென் செய்யும்? இந்நூல் வெளிவந்து இரண்டாண்டுகளின் பின், 1884இல், குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம் பற்றிய தமது நூலில் ஏங்கெல்ஸ் தந்தைவழி மரபைச் சொத்துரிமையோடு பிணைத்து விளக்கினார். அவர் பெரிதும் பயன்படுத்திய மோர்கனின் ஆய்வும் அமெரிக்காவிலே செய்யப்பட்டதுதான்.

பெயரின் வலிமைக்கு மறுதலையான சான்றொன்றும் இக்குடும்பத்தில் உண்டு. றோட் ஐலண்டிலிருந்து பென்சில்வேனியாவின் வயோமிங் பள்ளத்தாக்குக்குப் பெயர்ந்த குவேக்கர் கிளையைச் சேர்ந்த பிரான்சிஸ் சிலோக்கம் 1778 நவம்பரில், ஐந்து வயதில், டெலவெயர் மக்களாற் கொண்டுசெல்லப்பட்டாள். 1837இல் சகோதரர் அவளை இந்தியானாவின் மிசிசினேவா ஆற்றங்கரையிற் கண்டனர். அவள் அப்பொழுது மக்கொனக்குவா, மயாமித் தலைவன் ஒருவனின் கைம்பெண், ஆங்கிலம் அறியாதவள். மொழிபெயர்ப்பாளர் வாயிலாக அவள் தெரிவித்த முடிவு, திரும்பி வருவதில்லை என்பது. அவளைப் பற்றி 1842இல் ஜோன் ரொட் எழுதிய நூலும் 1891இல் மெகின்னஸ் எழுதிய நூலும் 'இழந்த சகோதரி' என்றே அவளைத் தலைப்பிற் சுட்டின. இழந்தவர் யார் என்பதை அவளிடம் கேட்டிருந்தால் விடை வேறாயிருந்திருக்கும். 1846இல் மயாமி மக்கள் மேற்கே பெயர்க்கப்பட்டபோது, முந்திய ஆண்டின் காங்கிரஸ் தீர்மானம் அவளையும் உறவினரையும் விலக்கி வைத்தது. சிலோக்கம் என்னும் பிறப்புப் பெயர் இல்லாதிருந்தால் இது நிகழ்ந்திராது என்பதில் எமக்கு ஐயமில்லை.

கோஃபிக்கு அத்தகைய பயன் எதையும் அப்பெயர் தரவில்லை. அவர் 1766இல் டார்ட்மத்தில் 116 ஏக்கர் நிலத்தை விலைகொடுத்து வாங்கினார். தமது மனைவியின் முன்னோர் துணிக்கும் கோடரிக்கும் இழந்த நிலப்பரப்பில் ஒரு துண்டை. 1772இல் இறந்தார். சில ஆண்டுகளில் பிள்ளைகள் பலர் சிலோக்கம் என்னும் பெயரைக் கைவிட்டுத் தந்தையின் இயற்பெயரையே, ஆங்கிலேயர் கஃபி என எழுதியவாறு, குடும்பப் பெயராக்கிக்கொண்டனர். அக்கான் மக்கள் வெள்ளிக்கிழமை பிறந்த ஆணுக்கு இடும் பெயர் அது. அவர்களுள் ஒருவரான போல் கஃபி பின்னர்க் கப்பலுடைமையாளராகிச் சியரா லியோன் வரை வாணிபம் விரித்தார். 1808இல் வெஸ்ற்போர்ட்டில் குவேக்கராகவும் சேர்ந்தார். ஒடுக்கப்பட்டோனின் மகன் வணிக முதலாளியானதை மறைக்கவேண்டிய தேவை எமக்கில்லை.

டார்ட்மத் குவேக்கருக்கு வரி பற்றிய ஒரு வரலாறும் உண்டு. தாம் ஏற்காத திருச்சபையின் குருமாருக்கு வரி திரட்ட மறுத்தமைக்காக அவ்வூர் வரி மதிப்பீட்டாளர் 1723இற் சிறைப்பட்டனர். மறு ஆண்டு இலண்டன் மன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்த்தது. 1780 பெப்ரவரியில் அதே டார்ட்மத்தின் கறுப்பர் எழுவர், வாக்குரிமையில்லாத தம்மிடம் வரி கேட்பது முறையன்று என்றும், தம் நிறத்தவர் பலர் போர்க்களத்தில் நின்றுள்ளனர் என்றும் மனுச் செய்தனர். அவ்வாண்டின் இறுதியில் ஜோன், போல் ஆகிய கஃபி சகோதரர் இருவரும் ரோன்ரன் சிறையில் இருந்தனர். மனுவிற் கையொப்பமிட்ட ஏனையோருள் பெரோ ஹவ்லண்ட், பெரோ றசல் என இருவர் உளர். ஹவ்லண்டும் றசலும் அவ்வட்டாரத்துச் செல்வாக்குமிக்க குவேக்கர் குடும்பங்களின் பெயர்கள். ஹவ்லண்ட் குடும்பத்தின் குடிவழி நூல் 1885இல் வெளிவந்தது.