பெயர் ஒன்று, புலவர் பலர்

ஔவையார் என்றவுடன் நம் மாணவர் உள்ளத்தே தோன்றும் உருவம் ஒன்றே: நரைத்த கூந்தல், நெற்றியில் திருநீறு, கையிற் கோல். 1953ஆம் ஆண்டு ஜெமினி நிறுவனத்தார் வெளியிட்ட ‘ஔவையார்’ திரைப்படத்தில், இசையரசியார் கே. பி. சுந்தராம்பாள் அவ்வுருவிற்கு உயிரும் குரலும் அளித்தார். 1965இல் ‘திருவிளையாடல்’ படத்திலும் அவரே ஔவையாராகத் தோன்றினார். அவ்வுருவம் இலக்கியச் சான்றுக்கு ஒத்ததா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

சங்க நூல்களில் ஔவையார் பெயரால் 59 செய்யுட்கள் உள்ளன. அவற்றுள் 33 புறநானூற்றைச் சார்ந்தவை. எஞ்சிய 26 அகப்பாடல்கள். அதியமான் நெடுமான் அஞ்சியின் நண்பராய், அவன்பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றவர் இவர். காதலின் துயரையும் இவர் பாடினார். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் மொழிநடையாற் பல நூற்றாண்டு பிற்பட்டவை. விநாயகர் அகவலோ யோகநெறி கூறுவது. அதன் ஆசிரியரும் சங்கப் புலவரின் வேறானவரே.

இவர்களை ஒருவராக்கியது கதைவழக்கு. பாரிமகளிரை மணஞ்செய்விக்க வேளிரிடம் அழைத்துச் சென்றவர் கபிலர் என்பது புறநானூற்றால் விளங்கும். பிற்காலக் கதையோ அச்செயலை ஔவையார்க்கு உரியதாக்கிற்று.

இவ்வாறு ஒன்றாக்கியதிற் பயனே இல்லை என்பதற்கில்லை. ஏடறியா மக்களிடத்தும் ஒரு பெண்பாற் புலவர் பெயர் நிலைத்தது அதனாலன்றோ? நாவல் மரத்தடியில் முருகன் ஔவையாரைச் சோதித்த கதையைக் கதிர்காமம் செல்லும் நம் ஊவா மக்கள் இன்றும் விரும்பிக் கேட்பர். ஆயினும் இழப்பும் பெரிது. வேந்தன் அவையில் அஞ்சாது பேசிய தூதரும், காதலைப் பாடிய கவிஞரும், அறம் உரைக்கும் மூதாட்டியின் பின்னே மறைந்துவிட்டனர்.

பதுளைத் தோட்டங்களில் கொழுந்து நிறை குறைந்தால் அந்நாளுக்கு ‘அரைப்பேர்’ போடுவது வழக்கம். முழுநாள் உழைத்தவளுக்கு அரைநாட் கணக்கு! ஆத்திசூடியை மட்டும் கற்பித்து நிறுத்தும்போது நாமும் சங்க ஔவைக்கு அரைப்பேரே போடுகின்றோம். அடங்கி நடக்க வேண்டும் என்று எப்போதும் அறிவுறுத்தப்படும் தோட்டத்துச் சிறுமிக்கு, அரசன் முன் நிமிர்ந்து பேசிய பெண்ணொருத்தியும் தமிழில் உண்டு என்பது தெரிய வேண்டாமா?

ஆதலின், ஆத்திசூடி கற்ற மாணவர்க்கு மேல்வகுப்பிற் புறநானூற்று ஔவையின் தூதுப் பாடலையும் கற்பித்தல் ஆசிரியர் கடனாகும். ஔவையர் பலர் என அறிதலால் எவர் பெருமையும் குன்றாது. அவரவர்க்கு உரியது அவரவரைச் சேரும்.