நுழைவு ஒன்று, வெளியேற்றம் எத்தனை?

தங்கள் இணையச் செயலியில் ஒற்றை உள்நுழைவைச் சேர்த்துவிட்டதாக அறிவிப்பவர்கள் சான்றாகக் காட்டுவது பெரும்பாலும் ஒரு பொத்தானைத்தான். அதை அழுத்தினால் அலுவலகக் கணக்கோடு உள்ளே போய்விடலாம். எந்த நெறிமுறையைக் கையாண்டாலும் அந்தப் பொத்தான் வேலை செய்யும். ஆகவே அதை வைத்துத் தரம் பிரிக்க முடியாது. பிரிக்க உதவும் கேள்விகள் மூன்று. கடவுச்சொல் யார் கைக்குப் போகிறது? ஆளை எந்த அடையாளத்தால் செயலி நினைவில் வைத்துக்கொள்கிறது? அவர் வேலையை விட்டுப் போன செய்தி அதற்கு எப்போது எட்டுகிறது? முதல் கேள்வியில் தேறிய செயலிகள் பல. மூன்றாவதில் தேறியவை சிலவே.

பழைய வழிகளுள் ஒன்று எல்டாப் நெறிமுறை. எக்ஸ்.500 என்ற கனத்த டைரக்டரியைச் சிறிய கணினிகளும் அணுகட்டும் என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 1993இல் ஆர்எஃப்சி 1487 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வெளிவந்து, 1997இல் மூன்றாம் பதிப்பில் நிலைபெற்றது. அதன் முதல் நோக்கம் ஆட்களைத் தேடுவது. கடவுச்சொல்லைச் சோதிப்பது, இணைப்பைத் திறக்கும்போது நடக்கும் துணைச்செயல் மட்டுமே. செயலிகள் அந்தத் துணைச்செயலையே முதன்மையாக்கிக்கொண்டன: பயனரிடம் கடவுச்சொல்லை வாங்கி, அவர் பெயரில் டைரக்டரியோடு இணைந்து பார்த்து, இணைப்பு கிடைத்தால் கதவைத் திறப்பது. எளிமை இதன் பலம். பெயர், துறை, குழு எல்லாம் அதே இணைப்பில் வந்துவிடும். ஆனால் அலுவலகத்தின் ஒவ்வொரு செயலியும் ஒவ்வொருவர் கடவுச்சொல்லையும் கையால் தொடுகிறது. அவற்றுள் மிகப் பலவீனமானது உடைந்தால், அதன்பின் உள்நுழைகிற அத்தனை பேரின் கடவுச்சொல்லும் போகும். இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கும் இதில் இயல்பான இடம் இல்லை. கண்டிப்பாகச் சொன்னால் இது ஒற்றை உள்நுழைவே அன்று. ஒரே கடவுச்சொல்லைப் பத்து இடங்களில் தட்டச்சு செய்யும் ஏற்பாடு.

இதனினும் நுட்பமான குறை ஒன்று உண்டு. பெயரைக் கொடுத்துக் கடவுச்சொல்லை வெறுமையாக விட்டால், டைரக்டரி அதை அநாமதேய இணைப்பாகக் கருதி ‘வெற்றி’ என்று பதிலளிக்கக்கூடும். நெறிமுறை அதற்கு இடம் தருகிறது. 2006இல் வந்த ஆர்எஃப்சி 4513, வெற்றுக் கடவுச்சொல்லைச் செயலியே தடுக்க வேண்டும் என்றும், சர்வர் இயல்பாகவே மறுக்க வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறது. அறிவுறுத்தலைப் படிக்காமல் ‘வெற்றி’யை மட்டும் நம்பிய செயலியில், யாரும் யார் பெயரிலும் நுழையலாம்.

டைரக்டரியின் பண்பாட்டுப் பிறவிக்குறியையும் இங்கே குறித்துவிடலாம். எல்டாப்பில் மனிதர் என்னும் பதிவு வகைக்குக் குடும்பப்பெயர் கட்டாயம். முன்னெழுத்தோடு வாழும் தமிழருக்கு அந்தக் கட்டத்தில் என்ன போடுவது? அப்பா பெயர், ஒரு புள்ளி, தன் பெயரே மறுபடி என்று நிர்வாகிகள் மனம்போல நிரப்புகிறார்கள். அந்தக் கட்டத்தை நம்பி வணக்கம் சொல்லும் செயலி, புள்ளிக்கு வணக்கம் சொல்கிறது.

கெர்பரோஸ் என்னும் நெறிமுறை அலுவலக வலைக்குள் மெய்யான ஒற்றை உள்நுழைவைத் தந்தது. நிறுவன டொமைனில் சேராத கைப்பேசிக்கு அது எளிதில் எட்டாததால், பொது இணையச் செயலிக்கு அதைப் பரிந்துரைக்க இயலாது.

கடவுச்சொல்லைச் செயலியின் கையிலிருந்து விடுவித்த பெருமை சாம்எல் நெறிமுறைக்குக் கணிசமாக உண்டு. அதன் 2.0 பதிப்பை ஓயசிஸ் அமைப்பு 2005இல் வெளியிட்டது. அடையாளச் சேவை ஆளைச் சரிபார்த்து, கையொப்பமிட்ட சான்றை உலாவி வழியே செயலிக்கு அனுப்பும். கருத்து சிறப்பு, கட்டுமானம் அந்தத் தரத்தில் இல்லை. எக்ஸ்எம்எல் கையொப்பம் ஆவணத்தின் ஒரு பகுதியை மட்டும் காக்கவல்லது. செயலியோ வேறொரு பகுதியைப் படித்துவிடலாம். 2012இல் ஓர் ஆய்வுக்குழு 14 சாம்எல் மென்பொருள்களைச் சோதித்தபோது 11 இந்த வகைத் தாக்குதலுக்கு இடங்கொடுத்தன. 2018இல் இன்னோர் ஓட்டை: சான்றிலுள்ள பயனர்பெயருக்கு நடுவே ஒரு எக்ஸ்எம்எல் குறிப்புரையைச் செருகினால் கையொப்பம் கெடாது, ஆனால் சில நிரலகங்கள் குறிப்புரைக்கு முன்னுள்ள பாதிப் பெயரை மட்டுமே படித்தன. பாதிப் பெயர் வேறொருவருடையதாக இருந்தால் அவராகவே நுழையலாம். இத்தனை நிரலர்கள் ஒரே இடத்தில் சறுக்கும்போது, பிழையைத் தனித்தனி நிரலர் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமாகாது.

2014இல் வந்த ஓபன்ஐடி கனெக்ட், ஓஆத் 2.0 என்னும் அனுமதி நெறிமுறையின் மேல் எழுந்தது. எக்ஸ்எம்எல்லை உதறி ஜேசன் வடிவ டோக்கனை எடுத்துக்கொண்டது. மாசற்றது அன்று. ‘கையொப்பம் எதுவுமில்லை’ என்று டோக்கனே சொன்னால் அதையும் நம்பிய நிரலகங்கள் 2015இல் அம்பலமாயின. எனினும் சரிபார்ப்பு எதைக் காக்கிறது என்பதில் இங்கே குழப்பம் குறைவு. புதிதாகக் கட்டுவோர்க்கு இதுவே தகும்.

இரண்டாம் கேள்விக்கு ஓபன்ஐடி கனெக்ட்டின் விதி தெளிவானது: வழங்குபவரின் முகவரி, அவர் அந்த ஆளுக்குத் தந்த குறியீடு, இவ்விரண்டும் சேர்ந்ததே நிலையான அடையாளம். மின்னஞ்சல் அடையாளமாகாது. ஆயினும் மின்னஞ்சலை வைத்துப் பழைய கணக்கோடு புதிய நுழைவை ஒட்டவைக்கும் செயலிகளுக்குக் குறைவில்லை. மைக்ரோசாஃப்டின் அசூர் ஆக்டிவ் டைரக்டரியில், நிர்வாகி சரிபார்ப்பின்றி இட்ட மின்னஞ்சலும் டோக்கனில் வந்ததை 2023இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்; அதை நம்பிய செயலிகளில் பிறர் கணக்கைக் கைப்பற்ற முடிந்தது. எல்டாப்பிலும் இதே பாடம்தான். துறை மாறினால் பதிவின் முழுப்பெயர் மாறலாம், திருமணமானால் பயனர்பெயர் மாறலாம். டைரக்டரி ஒவ்வொரு பதிவுக்கும் தரும் மாறாக் குறியீட்டைத்தான் செயலி சேமிக்க வேண்டும்.

மூன்றாம் கேள்வியில் தராசு எதிர்ப்பக்கம் சாய்கிறது. ஓபன்ஐடி கனெக்ட்டும் சாம்எல்லும் பெரும்பாலும் நுழையும் கணத்தையே சொல்கின்றன. மறுநாள் அந்த ஆளை நீக்கினாலும் செயலியின் அமர்வு ஓடிக்கொண்டிருக்கலாம். அவர் உருவாக்கிவைத்த ஏபிஐ டோக்கன் அதற்குப் பிறகும் ஓடலாம். எல்டாப்போ, எந்நேரமும் செயலியே கேட்கக்கூடிய டைரக்டரி. இரவுதோறும் ஒத்திசைத்தால் போனவர் கணக்கு மறுநாள் காலைக்குள் மூடப்படும். பழையது என்று நாம் ஒதுக்கியது இங்கே முந்துகிறது. இந்த இடைவெளியை நிரப்ப 2015இல் வந்தது ஸ்கிம் 2.0. கணக்கு உருவானதையும் மாறியதையும் முடக்கப்பட்டதையும் அடையாளச் சேவையே செயலிக்குத் தெரிவிக்கும். நோக்கம் குறையற்றது, நடைமுறை சீரற்றது: பகுதி மாற்றங்களை ஒவ்வொரு நிறுவனமும் தன் பாணியில் அனுப்புகிறது. போதாததற்குப் பல செயலிகள் இந்த வசதியை மிக விலையுயர்ந்த திட்டத்தில் மட்டுமே விற்கின்றன. பாதுகாப்பின் அடிப்படையை ஆடம்பரப் பொருளாக விற்பதற்கு நியாயம் இல்லை.

என் தீர்ப்பு இது. நுழைவுக்கு ஓபன்ஐடி கனெக்ட், கணக்கின் வாழ்நாளுக்கு ஸ்கிம். நிறுவனத்திடம் எல்டாப் டைரக்டரி மட்டுமே இருந்தால், கீகிளோக் போன்ற இடைநிலைச் சேவை அதைப் பின்னால் வைத்துக்கொண்டு முன்னால் ஓபன்ஐடி கனெக்ட் பேசும். செயலி கடவுச்சொல்லைத் தொட வேண்டியதில்லை. அந்தச் சேவை விழுந்தாலும் உள்ளே போக ஒரு நிர்வாகிக் கணக்கு மட்டும் செயலியிலேயே இருக்கட்டும். ஏற்புச் சோதனையைப் பொத்தானில் தொடங்கவே வேண்டாம்: ஒரு சோதனைக் கணக்கில் ஏபிஐ டோக்கன் ஒன்றை உருவாக்கி, அந்தக் கணக்கை டைரக்டரியில் முடக்கிவிட்டு, டோக்கன் எத்தனை மணி நேரம் உயிரோடு இருக்கிறது என்று அளந்து பாருங்கள்.