கறுப்பும் ஜன்னல் வெளிச்சமும்

2021-இல் கொரோனாவுக்குப் பலியான ஓவியர் எஸ். இளையராஜாவின் பெண்கள் கறுப்பு, மாநிறம். நம் காலண்டர்கள் ஒதுக்கிவைத்த நிறத்துக்கு அவர் மரியாதை செய்தார், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் தோல் அழகாவது ஜன்னல் வழி விழும் வெளிச்சத்தின் தயவில்.

அமெரிக்கக் கறுப்பரான கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் 1980-இல் வரைந்த சுயசித்திரத்தில் கரிய பின்னணியில் கரிய முகம். கண், பல், சட்டை இவற்றின் வெள்ளைதான் முதலில் தெரிகிறது. முகம் தெரியவில்லையென்றால் குறை பார்ப்பவனுடையது. அங்கே கறுப்பு சலுகை கேட்கவில்லை.

இளையராஜாவின் பெண்கள் பெரும்பாலும் பழைய வீடுகளில் நிற்கிறார்கள். நான் வேலைபார்க்கும் ஒரகடத்தில், ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் தூங்கிவழியும் பெண்களுக்கும் அதே நிறம்தான். அவர்களை அவர் சித்திரங்களில் நான் கண்டதில்லை. நாம் ரசித்தது நிறத்தையா, பழைய வீட்டையா என்பதே கேள்வி.