திறப்பு யாரிடம்?

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் யூலை, ஓகஸ்ட் வந்தால் லிப்டுக்கு ஓய்வில்லை. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் உரிமையாளர்கள் திறப்பைத் தரகரிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர் நாள் வாடகைக்கு விடுகிறார். நடுச்சாமத்தில் பெட்டிகள் உருளும். மொட்டைமாடியில் பிறந்தநாள் பாட்டு அதிரும். யாரிடம் முறையிடுவது? சென்னையில் கிரீம்ஸ் சாலைப் பக்கம் ஃப்ளாட்டில் இருக்கும் தங்கைக்கும் வாராவாரம் புது முகங்கள்தான். ஆனால் அங்கே வருபவர்களில் பலர் மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளின் உறவினர். அவர்களை வெளியே போ என்று சொல்ல அவளுக்கு மனம் வருவதில்லை.

சட்டம் இரு கரையிலும் இருக்கிறது. இந்திய நடுவண் சுற்றுலா அமைச்சின் தங்கல்மனைத் திட்டத்தில் 1 முதல் 6 அறை வரை விடலாம். உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் வசிக்க வேண்டும். இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையோ, ஆள் வசிக்காத முழு வீட்டையும் வாடகைக் குடியிருப்பு என்று தனி வகையாகப் பதிகிறது. எனக்கு இந்திய விதியே சரியாகப் படுகிறது. வீட்டுக்காரர் உள்ளே இருந்தால் பாட்டுச் சத்தம் முதலில் அவர் தூக்கத்தைத்தான் கெடுக்கும்.

கட்டடத்துக்குள் வந்தால் இலங்கைக்கே வலு அதிகம். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின் வழியில் உரிமையாளர் எல்லோரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் சட்டப்படி அமைகிறது; அது உபவிதி இயற்றலாம். தமிழ்நாட்டில் இதே உரிமைக்கான 1994 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2022 சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2024 மார்ச்சில்தான். தங்கையின் சங்கம் இன்னும் தண்ணீர் லாரிக் கணக்கைத் தாண்டவில்லை.

விருந்தாளியின் பெயரைப் பதிவதில்தான் என் மனம் தடுக்கிறது. இந்தியாவில் வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குப் படிவம் அனுப்ப வேண்டும். தங்கைக்கு அது வெறும் தாள் வேலை. எங்களுக்கு அப்படியல்ல. 2007 யூன் 7ஆம் திகதி விடியலில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பேருந்துகளில் ஏற்றி நகரை விட்டு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அன்று லொட்ஜில் இருந்தவர்களும் சில நாளுக்கு அறை எடுத்தவர்கள்தான். வாசலில் கொப்பியோடு ஒருவர் அடையாள அட்டை கேட்கும்போது வெள்ளவத்தையில் வயதானவர்களின் முகம் இன்றும் மாறுகிறது.

ஆகவே பிடிக்க வேண்டியது வீட்டை; வந்து தங்குபவரை அல்ல. சுற்றுலாச் சபை ஒரு குடியிருப்பைப் பதியுமுன் அந்தக் கட்டடக் கூட்டுத்தாபனத்தின் எழுத்துச் சம்மதத்தைக் கேட்கட்டும். உரிமையாளர் வெளிநாட்டில் என்றால், இரவு 2 மணிக்கும் தொலைபேசி எடுக்கும் உள்ளூர்ப் பொறுப்பாளர் ஒருவரை எழுதித் தரட்டும். லிப்டும் தண்ணீரும் கூடுதலாகச் செலவாகும் வீட்டுக்குப் பராமரிப்புப் பணமும் கூடட்டும்.

உங்கள் தொடர்மாடியின் அடுத்த பொதுக்கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். இந்த மூன்றையும் எழுத்தில் கொடுங்கள்.