தீராத துயரும் தனித் தெய்வமும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்றதும் தொழிற்பேட்டையும் டாங்கித் தொழிற்சாலையும் நினைவுக்கு வரும். பக்தி இலக்கியத்தில் இவ்வட்டாரத்தின் முகம் வேறு. 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழாரே பூந்தமல்லிக்குப் பக்கத்துக் குன்றத்தூர்க்காரர்தான். இப்பகுதியோடு தொடர்புடைய அடியார்களின் வரலாறுகளை அடுத்தடுத்துப் படித்தால் ஒன்று புலப்படுகிறது: துயரம் தீருமுன்பே அவர்கள் கடவுளோடு தனி உறவு கொண்டாடத் தொடங்கிவிடுகிறார்கள்.

மனைவி சங்கிலியாரைப் பிரிவதில்லை என்று திருவொற்றியூர் மகிழமரத்தடியில் செய்த சத்தியத்தை மீறி எல்லை தாண்டியதும் சுந்தரருக்குப் பார்வை போயிற்று. அந்நிலையில் அவர் பாடியது இவ்வட்டாரத்துத் திருமுல்லைவாயில் பதிகம். கண்போன காரணத்தை அவர் மறைக்கவில்லை. சங்கிலியின் பெயரையே சொல்கிறார். தொண்டைமான் மன்னனின் யானையை முல்லைக்கொடியால் கட்டிய இறைவன் பின்பு அவனுக்கு அருளியதையும் நினைவூட்டுகிறார். நீ தடுத்தவனுக்கே அருளினாயே, எனக்கு ஏன் இல்லை என்ற வழக்கு அதற்குள் இருக்கிறது. பார்வை அங்கே திரும்பவில்லை. வெண்பாக்கத்தில் ஊன்றுகோல், காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் மறுகண் என்று தவணை முறையில்தான் அருள் வந்தது. சுந்தரரின் ‘வன்தொண்டர்’ என்ற பட்டத்தையே டேவிட் ஷுல்மன் அவர் பாடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு (1990) தலைப்பாக்கியது பொருத்தம்தான்.

ஆவடிக்கு மேற்கே திருநின்றவூரில் சிவனடியார் பூசலாருக்குக் கோயில் கட்டக் காசு கிடைக்கவில்லை. மனத்துக்குள் கட்டினார். சேக்கிழார் அதை வெறும் கனவாக விடவில்லை: தச்சர் வருகிறார்கள், நாள் பார்க்கிறார்கள், சுதை பூசுகிறார்கள், கிணறும் மதிலும் குளமும் அமைகின்றன. காஞ்சியில் கற்றளி எழுப்பிய பல்லவனின் குடமுழுக்கு நாளையே இதற்காகத் தள்ளிவைக்கச் சொல்கிறார் இறைவன்.

திருவேற்காட்டு மூர்க்க நாயனார் சிக்கலானவர். அடியார்க்கு உணவிட்டே சொத்து கரைந்ததும் சூதாட்டத்தில் இறங்கினார்; வென்ற பொருளைத் தர மறுத்தவர்களைக் குத்தினார். பொருளைத் தாம் தீண்டாமல் சமைப்போரையே எடுத்துக்கொள்ளச் செய்து, கடைசிப் பந்தியில் உண்டார். இத்தகைய வன்முறைப் பக்தியைத் தனியே ஆராய்ந்தவர் டென்னிஸ் ஹட்சன்.

வைணவத்தில் பூந்தமல்லித் திருக்கச்சி நம்பி. காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசியவர். பெருமாள் அவரோடு பேசுவார் என்பது மரபு. ராமானுசரின் ஐயங்களுக்கு ஆறு வார்த்தைகளில் விடை வந்ததும் அவர் வழியாகவே. ஆனால் பிறப்பால் வைசியர் என்பதால், ராமானுசருக்கு ஆசாரியராக அவரே சம்மதிக்கவில்லை. ராமானுசர் வீட்டில் அவர் உண்டு போனபின் இடம் கழுவப்பட்டதாகக் குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன.

கஷ்டப்பட்டால் கடவுள் வருவார் என்று இவற்றைச் சுருக்குவது எளிது. நம்பியின் கதை அதற்கு இடம் தராது. கடவுளோடு பேசியும் ஒரு வீட்டில் அவருக்குச் சமமான இலை கிடைக்கவில்லை. தனிமனித நம்பிக்கை அவரைத் தாங்கியது. அந்த வீட்டைத் திருத்தும் வேலை மனிதர்களுக்கே மிஞ்சியது.